பாதிப் படத்தை எப்போது காட்டுவது? ஓவிய அறை தொடங்குபவர்களுக்குச் சில படிகள்

எண்ணெய் வண்ணப் பெட்டி வாங்கியாயிற்று, இரண்டு கேன்வாஸும் வந்துவிட்டது. இனி எங்கே வைத்து வரைவது, வரைந்துகொண்டிருப்பதை யாருக்கு எப்போது காட்டுவது? இந்த இரண்டு கேள்வியும் எனக்கு அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் கலைக் கல்லூரிப் பக்கம் போகாமல் தானாகவே வரையத் தொடங்கியவர்களிடமிருந்து. நானும் அப்படித் தொடங்கியவன்தான். சென்னையில் ஒரு வாடகை வீட்டின் மொட்டைமாடி அறையில் பதினோரு வருடமாக வரைகிறேன், அதிகமும் மனித முகங்கள். கல்லூரியில் படித்தவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் ஈஸலை, அதாவது கேன்வாஸை நிறுத்தும் தாங்கியைப் பார்த்தே பிடிபட்டுவிடும் பல விஷயங்களை நான் ஒவ்வொன்றாகக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அதே வழியில் வர வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இடம்

தனி அறை வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆறடிக்கு எட்டடி மூலை போதும். எட்டடி எதற்கு என்றால், படத்திலிருந்து ஏழெட்டு அடி பின்னால் போய் நின்று பார்க்க இடம் வேண்டும். கிட்டே நின்றே வரைந்தால் கண் சரியாக இருக்கும், மூக்கு சரியாக இருக்கும், இரண்டும் ஒரே முகத்தில் இருக்காது. இடம் அவ்வளவு இல்லையென்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நடையில் போய் நின்று பாருங்கள். நான் முதல் மூன்று வருடம் படிக்கட்டில் நின்றுதான் பார்த்தேன்.

ஈஸல் உடனே வாங்க வேண்டியதில்லை. சுவரில் கண் உயரத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு நீள ஆணி அடித்து அதன்மேல் கேன்வாஸை நிறுத்தினாலே வேலை நடக்கும். அப்புறம் காசு சேரும்போது ஆடாத, கனமான மர ஈஸலாக வாங்குங்கள். மடக்கி எடுத்துப் போகும் மெல்லிய வகை வீட்டுக்குள் தினமும் வரைய ஒத்துவராது, பிரஷ் வைத்து அழுத்தினால் பின்னால் போகும்.

ஒன்றை மட்டும் முன்பே முடிவு செய்யுங்கள்: அந்த அறையில் தூங்குவீர்களா? தூங்குவீர்கள் என்றால் எண்ணெய் வண்ணம் இப்போதைக்கு வேண்டாம், தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் தொடங்குங்கள். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் ஆவியை இரவு முழுக்கச் சுவாசிப்பது உடம்புக்கு நல்லதல்ல. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும். ஏசி போட்டு மூடிய அறையில் டர்பன்டைன் கிண்ணத்தைத் திறந்து வைத்து வரைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தலைவலி வந்தால் கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று யோசிப்பார்கள்.

சுவர் வெள்ளையோ வெளிர் சாம்பலோ இருக்கட்டும். பச்சைச் சுவர், ஊதாச் சுவர் எல்லாம் படத்தின் மேல் தன் நிறத்தை அடிக்கும். சிவப்பு சிமெண்ட் தரையும் அப்படித்தான், வெயில் விழுந்தால் கேன்வாஸின் கீழ்ப்பாதி முழுக்கச் செம்மை ஏறிவிடும். ஒரு பழைய சாம்பல் நிறப் போர்வையை விரித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, வண்ணம் சிந்தினாலும் தரை தப்பும்.

வெளிச்சம்

ஓவியப் புத்தகம் எதைத் திறந்தாலும் வடக்குப் பார்த்த ஜன்னல் என்று எழுதியிருக்கும். அது ஐரோப்பாவுக்குச் சரி. அங்கே வடக்கு ஜன்னலில் நேர் வெயில் கிட்டத்தட்ட விழாது, அதனால் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் வடக்குச் சாய்ந்துதான். ஆக, கோடை முழுக்க காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் வந்து விழும். புத்தகத்தை நம்பி ஈஸலை அங்கே போட்டுவிட்டு, ஏன் காலையில் கலந்த நிறம் பதினொரு மணிக்கு வேறாகத் தெரிகிறது என்று நான் ஒரு மே மாதம் முழுக்கக் குழம்பியிருக்கிறேன்.

தீர்வு எளிது. ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். கரை ஜன்னலுக்கு வெளியே போகட்டும், வெறும் வெள்ளை மட்டும் வெளிச்சத்தில் வர வேண்டும். வெயில் அதில் பட்டுப் பரவி மெத்தென்று உள்ளே வரும். எந்தத் திசை ஜன்னலாக இருந்தாலும் இது வேலை செய்கிறது.

ராத்திரி வரைகிறவர்கள் பல்பைப் பார்த்து வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் இரண்டு எண் பாருங்கள்: 5000 கெல்வின் (பகல் வெளிச்சத்துக்கு நெருங்கிய நிறம்), அப்புறம் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல். சாதாரண எல்இடி பல்புகளில் சிஆர்ஐ பெரும்பாலும் 80 அளவில்தான் இருக்கும், அதில் சிவப்பும் பழுப்பும் செத்துத் தெரியும். அந்த வெளிச்சத்தில் சரி என்று கலந்த தோல் நிறத்தைக் காலையில் பார்த்தால் செங்கல் மாதிரி இருக்கும். பல்பு ஒன்று படத்துக்கு, இன்னொன்று வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டுக்கு. இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

என்ன வாங்குவது

இருபத்துநாலு நிறப் பெட்டியில் முக்கால்வாசி தேவைப்படாது. டைட்டானியம் வெள்ளை பெரிய ட்யூப், அல்ட்ராமரின் நீலம், மண் மஞ்சளான ஓக்கர், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, அடர் சிவப்பான ஒரு கிரிம்சன், ஒரு பளிச் மஞ்சள். இந்த ஆறில் ஒரு வருடம் ஓட்டலாம். கறுப்பு ட்யூப் வேண்டாம், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்புக்கு மிக அருகில் வரும், அதுவும் உயிருள்ள கறுப்பு. ட்யூபின் பின்னால் நிறமியின் குறியீடு இருக்கும், அதைப் படித்துப் பழகுங்கள்: அல்ட்ராமரினுக்கு பிபி 29, டைட்டானியம் வெள்ளைக்கு பிடபிள்யூ 6. கிரிம்சன் வாங்கும்போது பிஆர் 83 என்று இருந்தால் வைத்துவிடுங்கள், அது அலிஸரின் என்ற நிறமி, வெளிச்சத்தில் வருடக்கணக்கில் மெல்ல வெளுக்கும்.

நம் ஆட்களின் முகம் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநிறமோ கறுப்போ, தோலை வெளிச்சமாக்க வெள்ளையை அள்ளிப் போடாதீர்கள். வெள்ளை ஏறினால் தோல் சாம்பல் பூத்துப்போகும். அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா கலவையை அடியாக வைத்து, வெளிச்சம் படும் இடத்துக்கு ஓக்கரையும் கொஞ்சம் பளிச் மஞ்சளையும் கொண்டு ஏற்றுங்கள். வெள்ளை கடைசியில், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எண்ணெய்ப் பளபளப்பு விழும் இடத்தில் மட்டும். அந்தப் பளபளப்பு பல நேரம் லேசான நீலமாக இருக்கும், வானத்தின் நிறம் அது. உற்றுப் பாருங்கள், தெரியும்.

வண்ணத்தில் சேர்க்கும் ஆளிவிதை எண்ணெயைத்தான் லின்சீட் ஆயில் என்கிறோம். அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகும், தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது, எத்தனை வருடமானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். அதனால் அதைப் படத்தில் சேர்க்கக் கூடாது. பிரஷைக் கழுவ மட்டும் நன்றாக உதவும்: வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயில் நன்றாகப் பிசைந்தால் மிச்ச வண்ணம் கழன்றுவரும், அப்புறம் துணி சோப்பைத் தேய்த்து இரண்டு மூன்று முறை கழுவி எண்ணெய் துளியும் இல்லாமல் எடுக்க வேண்டும்.

அடுக்கு விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் பூச்சில் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகப் போடுங்கள், மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டுங்கள். தலைகீழாகச் செய்தால், அடியில் எண்ணெய் கூடிய பூச்சு இன்னும் இறுகிக்கொண்டே இருக்கும், மேலே உள்ளது முன்பே காய்ந்துவிட்டிருக்கும், கடைசியில் வற்றிய ஏரி வண்டல் மாதிரி வெடிக்கும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது.

எண்ணெய்த் துணி

மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மறக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவிடும் என்பதால், எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறி, தீக்குச்சி எதுவும் இல்லாமல் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஓவிய அறைகளும் மரவேலைப் பட்டறைகளும் இப்படி எரிந்திருக்கின்றன. நம் ஊர் மொட்டைமாடி அறை ஏப்ரலில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. துணியை மடிக்காமல் விரித்துக் கொடியில் தனித்தனியாகப் போட்டு விறைப்பாகும்வரை காயவிடுங்கள். இல்லையென்றால் மூடி உள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் அமிழ்த்தி வையுங்கள். தினமும், வேலை முடிந்த கையோடு. டிஷ்யூ பேப்பருக்கும் இதே விதிதான்.

கழுவிய டர்பன்டைனைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வண்ணம் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை ஊற்றி மறுபடி பயன்படுத்தலாம். வண்ணம் பட்ட கையோடு சாப்பிட உட்கார வேண்டாம், காட்மியம் கலந்த நிறங்கள் காய்ந்த பின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

அன்றாடம்

வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிநேரம் வரையலாம் என்று திட்டம் போடுவார்கள். அதைவிடத் தினம் ஒரு மணிநேரம் நன்றாக வரும். எண்ணெய் வண்ணமே அப்படிப்பட்டது, ஒரு பூச்சு காய இரண்டு மூன்று நாள் கேட்கும், அதற்குள் அடுத்த படத்தைத் தொடலாம். ஒரே நேரத்தில் இரண்டோ மூன்றோ படம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் போனதும் பிரஷைத் தொடாமல் பத்து நிமிடம் படத்தைப் பாருங்கள். இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று ஒரே ஒரு வரி சுவரில் ஒட்டிய தாளில் எழுதுங்கள்: ‘இடது கன்னத்தின் நிழலை நீலம் சேர்த்துக் குளிர்ச்சியாக்க வேண்டும்.’ அது முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. நேரம் மிச்சம் இருக்கிறதே என்று வேறெங்கோ கை வைத்துத்தான் நல்ல இடங்கள் கெட்டுப்போகின்றன. சந்தேகம் வந்தால் கண்ணாடியில் படத்தைப் பாருங்கள், இடவலம் மாறியதும் கோணல் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

அக்டோபரில் மழை பிடித்தால் வேகம் குறையும். காய நாள் கூடும், கேன்வாஸ் ஈரக்காற்றில் தொய்யும். சட்டத்தின் உள்மூலைகளில் சின்ன மர ஆப்பு வைக்க இடம் இருக்கும், அதை மெல்லத் தட்டினால் மறுபடி இறுகும். படத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். தரையிலும் வைக்காதீர்கள், கறையான்.

தினமும் ஒரு போட்டோ

பகிர்ந்தாலும் பகிராவிட்டாலும் வேலை முடிந்ததும் படத்தை ஒரு போட்டோ எடுங்கள். இது புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1935இல் பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெரிய பெண் உருவத்தை மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மாற்றி மாற்றி வரைந்தார். ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுக்கவைத்து, அதில் 22 படங்களை அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த எட்டா கோன் என்ற சேகரிப்பாளருக்கு அனுப்பினார். அந்த அம்மையார் படத்தை வாங்கினார், இப்போது அது பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, 1945 டிசம்பரில் பாரிஸில் நடந்த கண்காட்சியில் மத்தீஸ் முடிந்த படங்களைச் சுற்றி அவற்றின் பாதிநிலைப் போட்டோக்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். எவ்வளவு துணிச்சல் பாருங்கள், தான் அழித்த ஒவ்வொன்றையும் ஊருக்குக் காட்டியிருக்கிறார்.

1937இல் பிக்காசோ போரின் கொடுமையைக் காட்டும் ‘கெர்னிகா’ படத்தை வரையும்போது புகைப்படக் கலைஞர் டோரா மார் அதைக் கட்டம் கட்டமாகப் படம்பிடித்தார். ஆரம்பப் போட்டோக்களில் கீழே கிடக்கும் வீரனின் கை முஷ்டி மடக்கி வானத்தை நோக்கி உயர்ந்து நிற்கிறது. முடிந்த படத்தில் அந்தக் கையே இல்லை. படத்தின் நடுவில் நின்ற, பார்த்தவுடன் மனதைப் பிடிக்கும் ஒன்றை அவர் எடுத்துவிட்டார். அந்தப் போட்டோவை அன்றைக்கே ஊர் முழுக்கப் பார்த்து, ‘ஆகா, அந்தக் கை!’ என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தால் அவர் எடுத்திருப்பாரா? பிக்காசோ எடுத்திருக்கலாம். நம்மால் முடியுமா என்பதுதான் கேள்வி, அதற்குக் கீழே வருகிறேன்.

போட்டோ எடுப்பது எப்படி: தரையில் ஈஸல் காலுக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், தினமும் அதே இடம், முடிந்தால் அதே நேரம். போன் லென்ஸைத் துடையுங்கள். கிட்டே போகாமல் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள், கிட்டே போனால் சதுரப் படத்தின் ஓரங்கள் பீப்பாய் மாதிரி வளையும். போன் படத்தின் நடு உயரத்தில், படத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஈர எண்ணெய் வண்ணம் கண்ணாடி மாதிரி மின்னும், அதற்குக் கேன்வாஸின் மேல்விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் மினுமினுப்பு போய்விடும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி எடுத்தால் பிறகு நிறம் திருத்த உதவும்.

முகம் வரைகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கறுத்த தோல் நிறைந்த படத்தைப் போன் தானாகவே வெளிச்சமாக்கிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கலந்த அடர் பழுப்பு, போட்டோவில் வெளிறிப்போய் யாரோ மாதிரி இருக்கும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்து, கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து எடுங்கள்.

யாருக்கு, எப்போது

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் பூ விற்கும் ஓர் அம்மாவை, அவரிடம் கேட்டுக்கொண்டு, வரையத் தொடங்கினேன். முதல் நாள் டர்பன்டைனில் கரைத்த பழுப்பில் விறுவிறுவென்று முகத்தைப் போட்டேன். இடது கண் அழகாக வந்தது, நாலே கோடு. அன்று ராத்திரியே இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன். அதுவரை எனக்கு வராத அளவுக்குப் பாராட்டு, எல்லோரும் அந்தக் கண்ணைத்தான் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அளந்து பார்த்தால் அந்தக் கண் அரை அங்குலம் மேலே இருக்கிறது, முகமே அதனால் சரிந்து நிற்கிறது. அழித்துவிட்டுக் கீழே இறக்கி வரைய வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மூக்கை நகர்த்திப் பார்த்தேன், வாயை நகர்த்திப் பார்த்தேன், தலையையே திருப்பிப் பார்த்தேன். நாலு மாதம் கழித்துக் கைவிட்டேன். அந்தப் படம் இன்னும் அறையின் மூலையில் இருக்கிறது. அந்த அம்மா இப்போது எங்கள் தெருவில் இல்லை.

பாராட்டு கெட்டதல்ல. ஆனால் ஒரு இடத்தைப் பத்துப் பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அந்த இடம் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது, அதை அழிப்பது அவர்களிடமிருந்து பிடுங்குவது போல ஆகிவிடுகிறது. அதனால் நான் வைத்திருக்கும் விதி இது: எப்போதும் ஒரு கட்டம் பின்தங்கிக் காட்டுங்கள். பென்சில் கோட்டை, முதல் வண்ணம் போட்ட பிறகு காட்டுங்கள். முதல் வண்ணத்தை, இரண்டாவது பூச்சு முடிந்த பிறகு. பார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்களுக்குப் படம் வளர்வது தெரிகிறது. உங்களுக்கோ அவர்கள் பேசும் கட்டம் ஏற்கனவே முடிந்துவிட்டது, கை கட்டுப்படாது. தினமும் போட்டோ எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான், கையிருப்பு இருந்தால்தான் தாமதமாகக் காட்ட முடியும்.

கருத்து கேட்க வேண்டிய இடம் வேறு. அதற்கு இரண்டே பேர் போதும், ஒருவர் வரைகிறவர், ஒருவர் வரையாதவர், இருவரும் நேரில் வந்து பார்க்கக் கூடியவர்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்பார்கள், அதில் பயனில்லை. ‘உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?’ என்று கேளுங்கள். ‘இவங்க என்ன யோசிச்சுட்டு இருக்காங்கன்னு தோணுது?’ என்று கேளுங்கள். என் அக்கா வரைகிறவர் இல்லை, ஆனால் ஒரு படத்தைப் பார்த்து, ‘இவருக்கு உட்கார்ந்திருக்க இஷ்டமே இல்ல போல’ என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் தொடை நாற்காலியைத் தொடாமல் அந்தரத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நேரில் காட்டும் பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்நின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இன்னும் இருக்கிறது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று அந்த ஓவியர்களே நிலம் வாங்கி, பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வரைந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓவியராக இருந்தால் பாதிப் படம் தானாகவே பார்வைக்குப் போய்விடும். ஒரு நாள் போய்ச் சுற்றிப் பாருங்கள், முடிந்த படங்களின் முன் நிற்பதே நிறையச் சொல்லித்தரும்.

இணையத்தில் எதைக் காட்டலாம் என்றால், கலந்த பேலட், சுரண்டி அழித்த இடம், ஒரே மூலையின் மூன்று கட்டம், நிறம் எப்படிக் கிடைத்தது என்ற இரண்டு வரி விளக்கம். தொடங்குகிறவர்களுக்கு இவைதான் உதவும், முடிந்த படம் மட்டும் பார்த்துப் பார்த்து அவர்கள் மனம் உடைந்துபோயிருப்பார்கள். எதைக் காட்டக் கூடாது: உட்கார்ந்து கொடுத்தவர் சம்மதிக்காத முகம், குழந்தைகள் முகம், பின்னணியில் தெரியும் வீட்டு விலாசம், முழு அளவு போட்டோ. நீளப் பக்கம் 1500 பிக்ஸல் இருந்தால் போனில் பார்க்கப் போதும், யாராவது எடுத்து அச்சடித்தாலும் நன்றாக வராது. போட்டிக்கு அனுப்பப் போகும் படம் என்றால் விதிமுறையை முதலில் படியுங்கள், முன்பே வெளியிட்டதை ஏற்காத போட்டிகளும் உண்டு.

ஒருவர் ‘கை கொஞ்சம் பெரிசா இருக்கே’ என்று எழுதினால் பதறாதீர்கள், உடனே பதிலும் எழுதாதீர்கள். ஒருவர் சொன்னால் குறித்து வையுங்கள். தொடர்பில்லாத மூன்று பேர் சொன்னால் ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். திருத்துவதாக இருந்தாலும் ஒரு ராத்திரி போகட்டும்.

காசுக்கு வரையும் படம்

இதில் கணக்கே வேறு. ஓர் அக்கா, இறந்துபோன தன் அப்பாவைப் பழைய பாஸ்போர்ட் அளவு போட்டோ பார்த்து வரையச் சொன்னார். நான் மாநிறத் தோலுக்கு அடியில் பச்சை மண் நிறத்தில் ஒரு பூச்சுப் போடுவேன், மேலே வரும் செம்பழுப்பு அதனால் அடங்கி ஆழமாகும். இத்தாலியப் பழைய ஓவியர்களின் முறை அது. வேலை நன்றாகப் போகிறது என்ற சந்தோஷத்தில் அந்தப் பச்சைக் கட்டத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கால் மணி நேரத்தில் போன் வந்தது. ‘தம்பி, அப்பா முகம் ஏன் பச்சையா இருக்கு? அம்மா பார்த்துட்டு அழுறாங்க.’ நான் எவ்வளவு விளக்கியும் அந்த அம்மா மனதிலிருந்து அந்தப் படம் போகவில்லை. முடிந்த படத்தை வாங்கிக்கொண்டார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள், ஆனாலும் நான் அவர்களுக்குக் கொடுத்த முதல் படம் அந்தப் பச்சை முகம்தான்.

அதற்குப் பிறகு வாடிக்கையாளருக்கு மூன்றே முறைதான் காட்டுகிறேன், தொடங்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பென்சில் அமைப்பு: எவ்வளவு உடம்பு வரும், எந்தப் பக்கம் பார்க்கிறார், என்ன உடை. இங்கே எவ்வளவு மாற்றம் வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டாவது, தோல் நிறம் முழுதாக வந்த பிறகு. மூன்றாவது, கையெழுத்துப் போடுவதற்கு முன், முடிந்தால் நேரில், பகல் வெளிச்சத்தில். இடையில் எதுவும் அனுப்புவதில்லை, எவ்வளவு கேட்டாலும். முன்பணம் பாதி, இரண்டாவது முறை காட்டியபின் கால், கொடுக்கும்போது மீதி.

சட்டம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக வரைந்த படத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) உங்களுடையது, பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் அது செல்லும். ஆனால் இந்தியாவின் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக வரையச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். ஆக அந்தப் படத்தின் பாதிநிலையை நீங்கள் பொதுவில் போடவே அவருடைய சம்மதம் வேண்டும். முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: காப்புரிமை யாருக்கு, வேலை நடக்கும்போது பகிரலாமா, முடிந்ததும் பகிரலாமா, பெயர் போடலாமா. வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கினாலும் எதுவும் இல்லாததற்கு மேல்.

முடிந்த பிறகு

முடிந்தது என்று தோன்றினால் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். இரண்டு வாரம் பார்க்க வேண்டாம். அப்புறம் காலையில், வேறெதையும் பார்ப்பதற்கு முன் திருப்பிப் பாருங்கள். கண் உடனே ஒரு இடத்தில் போய் உறுத்தினால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது. உறுத்தவில்லை என்றால் கையெழுத்துப் போடுங்கள், நல்ல போட்டோ ஒன்று எடுங்கள், அதுவரை சேர்த்து வைத்த கட்டங்களோடு அன்றைக்குப் பகிருங்கள், இனி யார் என்ன சொன்னாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

வார்னிஷ் அடிக்க அவசரப்பட வேண்டாம். தொட்டால் ஒட்டவில்லை என்பது மேல்தோல் காய்ந்ததற்கு மட்டுமே அடையாளம். சாதாரணப் பூச்சுக்கு ஆறு மாதம், கெட்டியாக வண்ணம் வைத்திருந்தால் ஒரு வருடம். போனில் நினைவூட்டல் போட்டு வையுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன், ஒவ்வொரு படத்தின் பெயரோடும். அதற்குள் படம் யார் வீட்டுக்காவது போயிருந்தால் அவரிடம் சொல்லி, ஒரு நாள் போய் அடித்துக்கொடுத்துவிட்டு வரலாம், சுவரில் எந்த வெளிச்சத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாம்.

கடைசியாகக் கேன்வாஸின் பின்பக்கச் சட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள்: தொடங்கிய தேதி, முடித்த தேதி, அடிப்பூச்சு எது, என்னென்ன நிறங்கள், எந்த எண்ணெய், வார்னிஷ் அடித்த தேதிக்கு ஒரு காலி இடம். முப்பது நாற்பது வருடம் கழித்து அதைச் சரிசெய்ய உட்காருபவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.